பண்டாரி நானாவும் வராமல் போன புகைபோக்கியும்

மாத்தளைக்கு நிலக்கரி மின் நிலையம் ஏன் வரவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அரசாங்கம் மனம் மாறிவிட்டது என்பார்கள். வங்கி கைவிட்டது என்பார்கள். நிலக்கரி விலை, டொலர் விலை, சுற்றாடல் சட்டம் என்று விரலை மடக்கி மடக்கி எண்ணுவார்கள். எல்லாம் சும்மா கதை. அந்த மின் நிலையத்தை நிறுத்தியவர் எங்கள் தெருவிலிருந்த பண்டாரி நானா. அதையும் சோறு ஆக்குகிற ஒரு பெரிய கிடாரத்தைக் கவிழ்த்து வைத்து நிறுத்தினார். யார் எந்த அறிக்கையைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாலும் நான் இதை மாற்றிச் சொல்லப் போவதில்லை.

பண்டாரி என்றால் எங்கள் பக்கத்தில் முஸ்லிம் கலியாண வீடுகளுக்குப் புரியாணி ஆக்குகிறவர். நானா என்றால் அண்ணன்; அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அடையாள அட்டையில் ஏதாவது போட்டிருப்பார்கள். அதைக் கேட்கும் தைரியம் தெருவில் எவருக்கும் இருக்கவில்லை. அலுவிகாரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஏ-9 வீதியிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஒரு ஒழுங்கை. அதன் முதல் வளைவில் அவர் வீடு, வீட்டுக்குப் பின்னால் அடுப்படி. நான் எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் அவருக்கு நான் 'மாஸ்டர்'.

ஆளைப் பார்த்தால் அப்படியொன்றும் பயங்கரம் தெரியாது. ஒல்லி உடம்பு, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரம், தலையில் ஒரு துவாய். வாயைத் திறந்தால்தான் மாப்பிள்ளை வீட்டாருக்கு வியர்க்கும். புரியாணி வெந்துவிட்டதா என்று அவரிடம் கேட்கக் கூடாது. உப்பு சரியா என்று கேட்கவே கூடாது. ஒருமுறை மாப்பிள்ளையே பட்டுச் சட்டையோடு வந்து மூடியைத் தூக்கிப் பார்க்க முயன்றார்.

"தம்பி, பொண்ணுட முகத்தப் பாத்தாச்சா?" என்று கேட்டார் நானா.

"இன்னும் இல்ல நானா."

"அதயே இன்னும் பாக்கல்ல. என்ட சட்டிக்குள்ள ஒனக்கென்ன பார்வ? போ அங்கால!"

காஸ் அடுப்பு என்ற பேச்சை எடுத்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். விறகில் ஆக்கினால்தான் சோறு. காஸில் ஆக்கினால் அது சூடுபோட்ட அரிசி. இது அவருடைய மார்க்கம். மற்றபடி பெரிய மனசுக்காரர். முத்துமாரியம்மன் கோயில் தேருக்கு மோர் கரைத்துக் கொடுப்பதற்கென்றே மாமிசம் படாத ஒரு கிடாரத்தைத் தனியாகத் துணி சுற்றி வைத்திருந்தார். அதை இரவல் கேட்டுப் போனவர்களையும் திட்டித்தான் அனுப்புவார், "போன வருசம் ஒழுங்காக் கழுவாமக் குடுத்தீங்க" என்று.

இதையெல்லாம்விட அவருக்கு ஒரு பெரிய கிறுக்கு இருந்தது. எங்கள் ஊர் முஸ்லிம் கலியாணத்தில் சாப்பாடு சஹனில்தான். சஹன் என்றால் பெரிய தட்டு. பாய் விரித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட வேண்டும். எந்தத் தட்டில் யார் யார் உட்கார்வது என்பது வந்தவர்களின் இஷ்டம். நானா சமைக்கிற கலியாணத்தில் மட்டும் அது நானாவின் இஷ்டம். அவர் அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று ஆட்களைப் பிரித்து அனுப்புவார். எந்த இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லையோ அவர்கள் ஒரே சஹனில். எல்லைப் பலாமரத்துக்காகப் பல வருடம் வழக்குப் பேசிய அண்ணன் தம்பி இரண்டு பேரை அப்படித்தான் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார வைத்தார். பாதிச் சாப்பாட்டில் இரண்டு பேரும் சேர்ந்து, இறைச்சி குறைவு என்று நானாவைத் திட்ட ஆரம்பித்தார்கள். நானாவுக்கு அதில் அவ்வளவு திருப்தி.

ஆனால் அவர் சமாதானம் செய்து வைக்காத ஒரு சண்டை இருந்தது. அது அவருடைய சொந்தச் சண்டை.

பக்கத்து வீடு ரோஸ்மேரி அக்காவுடையது. அக்கா வஹகோட்டையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தவர்; புருஷன் காலமான பிறகு தையல் மெஷினை மிதித்து மகனைப் படிக்க வைத்தார். பூசைக்குப் போடுகிற சட்டை, கலியாண வெள்ளைக் கவுன், சாரி சட்டை எல்லாம் தைப்பார். வெள்ளைக் கவுனைத் தைத்துக் கொடியில் போட்டால் அன்றைக்கு நானாவுக்கு ஒரு கலியாணம் இருக்கும். புகை மதிலைத் தாண்டிப் போய்க் கவுனில் உட்காரும்.

"நானா! கோயிலுக்குப் போற கலியாணப் பொண்ணு கருவாட்டுக் கடைக்குப் போறவ மாதிரி நாறணுமா?"

"கருவாடா? அது கறுவாப்பட்ட விறகு! ஒங்கட மூக்கக் கழுவுங்க மொதல்ல!"

"பொலிசுக்குப் போவேன்!"

"போங்க! போற வழியில எனக்கும் ஒரு தேங்கா வாங்கிட்டு வாங்க!"

அக்கா உண்மையாகவே பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். தேங்காயும் வாங்கி வந்தார்; மதிலுக்கு மேலே எறிந்தார். அது நானாவின் காலில் விழுந்து, அவர் இரண்டு வாரம் நொண்டி நொண்டிப் புரியாணி ஆக்கினார்.

இப்படி நாங்கள் சந்தோஷமாக இருந்த காலத்தில்தான் கம்பனி வந்தது.

கம்பனிக்குப் பெரிய பெயர் இருந்தது. நாங்கள் 'கரண்ட் கம்பனி' என்றோம். மாத்தளை டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட ஒபீஸ், கதவுக்குள்ளே குளிர், குளிருக்குள்ளே ஒரு டிரெக்டர். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட மனிதர். எங்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் மின் நிலையம் கட்டப் போவதாகவும், நிலக்கரி ரயிலில் மாத்தளைக்கு வந்து அங்கிருந்து லொறியில் ஏறி எங்கள் ஒழுங்கை வழியாக மேலே போகும் என்றும் சொன்னார். ரயில் பாதை மாத்தளையோடு முடிந்து போகிறது. அதற்கு மேலே போக ரயிலுக்கே மனமில்லாத ஊர் இது. அந்த ரயில் ஒருநாளாவது நேரத்துக்கு வந்ததை நாங்கள் பார்த்ததில்லை. நிலக்கரியாவது நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்கலாம் என்று சிலருக்கு ஒரு ஆசை.

பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சுவரில் படம் காட்டினார்கள். படத்தில் புல் பச்சை, வானம் நீலம், நடுவே ஒரு புகைபோக்கி. அதிலிருந்து புகையே வரவில்லை. டிரெக்டர் "கேள்வி ஏதாவது?" என்றார். நானா எழுந்தார்.

"சேர், இவ்வளவு பெரிய அடுப்பு யாருக்கு?"

"இது அடுப்பு இல்ல, பொய்லர்."

"நெருப்பு எரியுதா?"

"எரியும்."

"மேல தண்ணி கொதிக்குதா?"

"கொதிக்கும்."

"அப்ப அடுப்புத்தானே. எத்தன பேருக்குச் சாப்பாடு?"

"சாப்பாடு இல்ல பெரியவர். கரண்ட்."

"ஒருத்தருக்கும் சோறு இல்லாம இவ்வளவு பொக போடுறீங்களா? வெக்கமா இல்லயா?"

மண்டபமே சிரித்தது. ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை; ரோஸ்மேரி அக்கா. அவர் எழுந்து நின்று, "சேர், இவர் பேச்சக் கேக்காதீங்க. இவர் அடுப்புப் பொகைய விட ஒங்க பொக நல்லாத்தான் இருக்கும்" என்றார். டிரெக்டருக்கு முகமெல்லாம் வெளிச்சம். அந்த வெளிச்சத்திலேயே அக்காவிடம் பேசி முடித்துவிட்டார்கள். லொறிப் பாதையை அகலமாக்க அக்காவின் வீடு வேண்டும். அதற்குப் பதிலாக வஹகோட்டையில், கோயில் மணி கேட்கிற தூரத்தில், புது வீடு கட்டித் தருவார்கள். ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, உறுதியைச் சரிபார்க்க மட்டும் கொடுத்தால் போதும். எங்கள் நாட்டில் காணி வீட்டுப் பத்திரத்துக்கு உறுதி என்று பெயர். அந்த உறுதியை அக்கா பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது நானா மதிலோரம் நின்று கத்தினார்.

"அத அவன்ட கையில குடுக்காதீங்க! அவன் சப்பாத்துல ஒரு சேறு இல்ல. மாத்தளையில சேறு படாம நடக்கிறவன் எங்கயும் நிக்க மாட்டான்!"

"நீங்க சொன்னதுக்காகவே குடுக்கிறேன்!" என்று அக்கா கொடுத்துவிட்டு வந்தார். மெய்யாகவே அதற்காகத்தான் கொடுத்தார் என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

காணி கேட்டபோது எங்கள் தெருவில் மற்றவர்கள் யோசித்துப் பார்க்கிறோம் என்றார்கள். நானா யோசிக்கவும் மறுத்தார். வாசலில் ஒரு பலகை மாட்டினார்: 'இங்கே விறகு தவிர வேறு கரி எரிக்கப்படாது.' எழுதிக் கொடுத்தவன் நான். இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது.

அடுத்து ஒரு இளம் எஞ்சினியர் வந்தான். நல்ல பிள்ளை. காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளக்கும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, அக்காவின் சம்மதத்தோடு, நானாவின் அடுப்படிப் பக்கத்து மதிலின் மேல் பூட்டினான். என்னோடு பிளேன்டீ குடித்துக்கொண்டே விஷயத்தையும் உளறிவிட்டான். இந்தத் தெருவின் காற்று இப்போதே மோசம் என்று அறிக்கையில் காட்டிவிட்டால், புகைபோக்கி வந்து பெரிதாக எதையும் கெடுக்கப் போவதில்லை என்று சொல்லிக்கொள்ளலாமாம். அதற்காகவே நானாவுக்குக் கலியாணம் இருக்கிற நாளாகப் பார்த்துப் பெட்டியைப் பூட்டச் சொன்னார்களாம்.

நான் நேரே போய் நானாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தார்.

"அப்ப என்ட பொகையக் காட்டி அவன்ட பொகைய விக்கப் போறான்?"

"அதேதான் நானா."

"ஹராங்குட்டி" என்று திட்டினார். பிறகு எழுந்து, இருப்பதிலேயே பெரிய கிடாரத்தைத் தூக்கிக்கொண்டுபோய், மதிலில் இருந்த பெட்டியின் மேல் கவிழ்த்தார். அதோடு விட்டிருந்தால் அவர் வேறு யாராவது. புரியாணி தம் போடும்போது ஆவி போகாமல் மூடியைச் சுற்றி மாப் பூசுவார்களே, அதே மாதிரி கோதுமை மாவைக் குழைத்து, கிடாரத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஊசி நுழையாமல் அடைத்தார். அக்கா ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு, "நானா, பெட்டிக்கா தம் போடுறீங்க?" என்று கத்தினார். "வேகட்டும்" என்றார் நானா.

கலியாணம் முடிந்த மறுநாள் கிடாரத்தை எடுத்துவிட்டார். எஞ்சினியர்ப் பிள்ளை வந்து பெட்டியைக் கழற்றினான். அதில் ஏன் நெய் வாசம் அடிக்கிறது என்று யோசிக்காமல் அப்படியே கொண்டுபோனான். கம்பனியிலும் யாரும் பார்க்கவில்லை. எப்படியும் கறுப்பாகத்தான் வரும் என்ற நம்பிக்கையில் அட்டை போட்டு, படம் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த அறிக்கையின்படி எங்கள் தெருவின் காற்றில் தூசியே இல்லை. ஒரு துணுக்கும் இல்லை. கடலில் இல்லாத, மலையில் இல்லாத காற்று. மேலிடத்தில் யாரோ ஒரு அதிகாரி கேட்டாராம், இலங்கையிலேயே இப்படிச் சுத்தமான காற்று இருப்பது அந்த ஒரு ஒழுங்கையில்தான் போலிருக்கிறது, அங்கேயா கொண்டுபோய்ப் புகைபோக்கியை நடப் போகிறீர்கள் என்று. கம்பனி என்ன பதில் சொல்லும்? எங்கள் அறிக்கை பிழை என்றா? கொஞ்ச காலத்தில் திட்டம் இரத்து என்று செய்தி வந்தது. நீங்கள் ஆயிரம் காரணம் சொல்லுங்கள். எனக்கு அந்தக் கிடாரம் போதும்.

கம்பனி அதோடு சரிந்தது. வங்கி கையை விரித்தது. கண்ணாடிக் கதவு பூட்டப்பட்டது. குளிர் மெஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கதிரைகளைக் கொண்டு போனார்கள், கடைசியில் பெயர்ப் பலகையையும் யாரோ கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கொண்டுபோனான். மேட்டில் நட்ட அடிக்கல்லில் எங்கள் தெரு ஆடுகள் ஏறி நின்று ஊரைப் பார்த்தன. நாங்கள் பட்டாசு கொளுத்தினோம். நானா தெருவுக்கே சோறு ஆக்கிப் போட்டார், மேட்டைப் பார்த்து அகப்பையை ஆட்டி, "வாங்கடா இப்ப, அடுப்பு வைக்க வாங்க!" என்று சத்தம் போட்டார்.

ரோஸ்மேரி அக்கா மட்டும் சாப்பிட வரவில்லை. தையல் மெஷின் சத்தமும் கேட்கவில்லை. நானா என்னைப் பார்த்து, "மாஸ்டர், அங்க என்ன? பொக போகுதே, ஒரு ஏச்சும் வரல்ல" என்றார்.

போய்ப் பார்த்தேன். அக்கா மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கடிதம். கம்பனியைக் கலைத்து இருப்பதை விற்பதற்கு ஒரு கணக்காளரை நியமித்திருந்தார்கள். கம்பனியின் இரும்பு அலமாரியில் இருந்ததெல்லாம் கம்பனிச் சொத்து என்று அவர் பட்டியல் போட்டிருந்தார். அலமாரியில் அக்காவின் உறுதியும் இருந்தது. வஹகோட்டையில் புது வீடும் இல்லை. இங்கே இருக்கிற வீடும் ஏலத்துக்குப் போகப் போகிறது.

"ஏலம் போட வந்தா மெஷினத் தூக்கி வாசல்ல போட்டு உக்காருவேன். என்னத் தூக்கிட்டுப் போய்த்தான் வீட்ட விக்கணும்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு தொடங்கியது அலைச்சல். கணக்காளர் நேர்மையான சிங்கள மனிதர், தமிழும் பேசுவார். இந்த வீட்டில் கம்பனிக்கு உரிமை இல்லை என்று டிரெக்டர் எழுதித் தந்தால் உறுதியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். டிரெக்டரைத் தேடிப் பிடித்தால், வீடு கைமாறவில்லை என்று ஒப்பந்தம் எழுதிய நொத்தாரிசு முதலில் எழுதட்டும் என்றார். உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனால், டிரெக்டரும் கணக்காளரும் என் முன்னால் வந்தால் எழுதுகிறேன் என்றார். கணக்காளர் மாத்தளையில் இருக்கும் நாளில் நொத்தாரிசு கண்டியில். நொத்தாரிசு மாத்தளைக்கு வந்தால் டிரெக்டர் கொழும்பில். அக்காவும் நானும் பஸ்ஸிலேயே குடியிருந்தோம்.

ஒருநாள் நாங்கள் தொங்கிய முகத்தோடு வந்து இறங்குவதை நானா பார்த்துவிட்டார். என்னை மட்டும் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மூணு பேரும் ஒரு எடத்துல இருந்தாச் சரியா?"

"சரிதான். ஆனா எங்க இருக்கப் போறாங்க நானா?"

"கராம்பு ஹாஜியார்ட மகளுக்குக் கலியாணம். நான்தான் பண்டாரி."

எனக்கு விளங்கிவிட்டது. மாத்தளையில், கிராம்பு வியாபாரத்தில் பெரும்புள்ளியான கராம்பு ஹாஜியார் வீட்டுக் கலியாணத்துக்கு வராமல் இருக்க யாரால் முடியும்? கணக்காளர்தான் ஹாஜியாரின் கடைக் கணக்கைப் பார்க்கிறவர். நொத்தாரிசுதான் ஹாஜியாரின் காணிகளுக்கெல்லாம் உறுதி எழுதுகிறவர். டிரெக்டரோ, புதுத் தொழிலுக்கு ஹாஜியார் கை கொடுப்பார் என்று அவர் பின்னாலேயே திரிந்துகொண்டிருந்தார்.

கலியாணத்தன்று பகல் நானா அகப்பையோடு வாசலில் நின்றார். டிரெக்டர் வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "இந்தப் பக்கம் சேர், மேடைக்குக் கிட்ட, நல்ல எடம்" என்று நானா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அடுத்து நொத்தாரிசு. அடுத்து கணக்காளர், அவர் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு சிரமப்பட்டுச் சம்மணம் போட்டார். சாட்சிக்கு எங்கள் கிராம சேவகர். ஐந்தாவது நான். ஆறாவதாக நானா கொண்டுவந்து உட்கார வைத்தவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பள்ளிவாசலில் பல காலம் தொழுகை நடத்திய பழைய லெப்பை. ஊரே மரியாதை கொடுக்கும் பெரியவர். வாயில் மிஞ்சியிருப்பது இரண்டு பல். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த வேளை பசித்துவிடும். லெப்பை கை எடுப்பதற்கு முன்னால் சஹனை விட்டு எழுந்தவன் மாத்தளையில் பிறகு தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

பிஸ்மி சொல்லி எல்லாரும் கை போட்டோம். நானா எங்கள் தலைக்கு மேலே நின்றுகொண்டு, "பேசிக்கிட்டே சாப்பிடுங்க, நல்லாச் செமிக்கும். மாஸ்டர், நீங்க ஏதோ கேக்கணும்னு சொன்னீங்களே?" என்றார்.

வாயில் இருந்த சோற்றை விழுங்கினேன். கேட்டேன். "ரோஸ்மேரி அக்காவோட உறுதி ஏன் இன்னும் வரல்ல?"

டிரெக்டர் நொத்தாரிசைப் பார்த்தார். நொத்தாரிசு கணக்காளரைப் பார்த்தார். கணக்காளர் டிரெக்டரைப் பார்த்தார். முதல்முறையாக மூன்று பார்வையும் ஒரே தட்டுக்கு மேலே சந்தித்தன.

"நான் கைமாத்தி எழுதவேயில்ல. வெறும் ஒப்பந்தந்தான்" என்றார் நொத்தாரிசு.

"அத எழுதித் தந்தா எனக்குப் போதும். இவரும் கையெழுத்து வைக்கணும்" என்றார் கணக்காளர்.

டிரெக்டருக்குத் திடீரென்று கொழும்பில் ஒரு மீட்டிங் ஞாபகம் வந்தது. "நான் கிளம்பணும், கை கழுவத் தண்ணி..." என்றார்.

எங்கள் சஹன் வழக்கத்தில் கை கழுவக் குழாயடிக்குப் போகிறதில்லை. சட்டியும் செம்பும் நாம் இருக்கிற இடத்துக்கே வரும். ஒருவர் தண்ணீர் ஊற்ற, இருந்த இடத்திலேயே கழுவ வேண்டும். அன்று எங்கள் தட்டுக்குச் சட்டியும் செம்பும் நானாவின் கையில் இருந்தன. விரலெல்லாம் நெய்யோடு, பட்டுச் சட்டையில் பட்டுவிடாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிரெக்டர் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தார்.

"லெப்பை இன்னும் கை எடுக்கல்ல சேர்" என்றார் நானா.

லெப்பை நிதானமாக ஒரு எலும்பை எடுத்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எலும்பை அவர் விட்டபாடில்லை. சோறு குறையக் குறைய நானா இன்னொரு அகப்பை கொட்டினார். பக்கத்துச் சஹன்களில் கடைசி இனிப்பான வட்டிலப்பமும் முடிந்து ஆட்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் போகவில்லை, எங்களைச் சுற்றி நின்றார்கள். ஹாஜியாரும் வந்து, "என்ன நானா, இங்க மட்டும் முடியல்லயா?" என்று கேட்டார்.

"ஒரு பொம்பளட வீடு தட்டுக்கு நடுவுல இருக்கு ஹாஜியார். அது முடிஞ்சாத்தான் எழும்பலாம்" என்று நானா மண்டபத்துக்கே கேட்கும்படி விஷயத்தைச் சொன்னார். ஹாஜியார் டிரெக்டரை ஒரு பார்வை பார்த்தார்.

டிரெக்டரின் நெற்றியில் வியர்வை. "சரி சரி, எழுதுறேன். தண்ணி ஊத்துங்க."

"பேனா புடிக்கிற கைக்குத்தான் தண்ணி."

முதலில் நொத்தாரிசுக்கு ஊற்றினார். அவர் கையைத் துடைத்து, கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அடுத்தது டிரெக்டருக்கு, அவர் வைத்தார். கிராம சேவகர் சாட்சி வைத்தார். கணக்காளர் வாங்கிப் படித்துப் பார்த்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில ஒபீசுக்கு வாங்க" என்றார். அந்த நொடியில் லெப்பை எலும்பைக் கீழே வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

மறுநாள் காலை கணக்காளர் சொன்ன சொல் தவறவில்லை. அலமாரியைத் திறந்து உறுதியை அக்காவின் கையில் கொடுத்தார். நானா ஒபீசுக்குள் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று கடலைக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா உறுதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏன் நானா? ஒங்க மேல பொலிஸ்ல என்ட்ரி போட்டவ நான். ஒங்களுக்கு எதிராத்தான் உறுதியவே கொண்டுபோய்க் குடுத்தேன்."

"அதுக்கு? ஒங்கட வீட்ட ஏலத்துல எடுத்து எவனாவது வந்து குந்துவான். அவன் நல்லவனா இருந்து தொலைச்சா நான் என்ன செய்ற? பொகைக்கு ஏசாத ஆளோட மனுசன் எப்டி இருக்கிற?"

அக்கா சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். நானா அவசரமாகத் திரும்பி, கடலைக்காரனிடம் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்.

அடுத்த கலியாணத்துக்கு அடுப்பு மூட்டிய காலையில் நான் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். "நானா! இன்னைக்கு வெள்ளக் கவுன் காயுது, கண்ணு தெரியலயா?" என்று மதிலுக்கு மேலே அக்காவின் குரல் கிளம்பியது. "சூரியன் என்ட பக்கம் இல்ல, அங்கால போடுங்க!" என்று நானா பதில் கொடுத்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்கும் வரை நான் உள்ளே போகாமல் கேட்டுக்கொண்டே நின்றேன். அவ்வளவு அருமையான மனிதர் எதிர்வீட்டில் இருப்பதற்காக நான் இன்னும் கொஞ்சம் வாடகை கூட்டிக் கொடுக்கவும் தயார் என்று அன்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இதைப் படித்தால் என்னைத் திட்டுவார், திட்டட்டும்.